ஏர் அடிக்காமல் டிரம் கழற்றுவது: ஒரு லாரிப் பட்டறையின் தூசிக் கணக்கு

எங்கள் பட்டறை சங்ககிரிப் பக்கம். லாரிக்கு பிரேக், கிளட்ச், ஹப் கிரீஸ் வேலை மட்டும்தான், இன்ஜினைத் தொடுவதில்லை. இது பிரேக்கிலிருந்து வரும் தூசியையும், அதில் இருக்கக்கூடிய, நுரையீரலைக் கெடுக்கும் கல்நாரையும் (ஆஸ்பெஸ்டாஸ்) பற்றிய கணக்கு. ஆறு பேர் வேலை செய்கிறோம், மூன்று வண்டி நிற்கும் அளவுக்குத் தகரக் கொட்டகை, பின்னால் ஒரு வேப்பமரம். சாப்பாட்டு மேசை கம்ப்ரசருக்குப் பக்கத்தில் கிடந்தது, காரணம் பெரிய ஃபேன் அங்கேதான் இருந்தது.

போன ஐப்பசியில் ஒரு சாயங்காலம் கரண்ட் போய்விட்டது. பத்துச் சக்கர வண்டி ஒன்று பின் ஆக்சில் கழற்றிய நிலையில் நிற்கிறது, விடியற்காலை லோடு ஏற்ற வேண்டும். கம்ப்ரசர் டேங்கில் காற்று மிச்சம் இருந்ததால் மேஸ்திரி நிற்கவில்லை. எதிரே நின்ற வண்டியின் ஹெட்லைட்டைப் போடச் சொல்லிவிட்டு, வழக்கம்போல ஏர் கன்னை எடுத்து, டிரம் என்கிற சுற்றும் இரும்புச் சட்டியைக் கழற்றியதும் தெரியும் பிரேக் ஷூ மேல் ஓர் அடி அடித்தார். நான் கொட்டகையின் இந்தக் கோடியில், வெளிச்சத்தைப் பார்த்தபடி நின்றேன். கழற்றிய டயர் ஒன்று விளக்கைப் பாதி மறைத்திருந்தது.

பகலில் ஏர் அடித்தால் ஒரு சின்னப் புகை எழும், உடனே காணாமல் போகும். அன்றைக்கு அது காணாமல் போகவில்லை. தகரம் வரைக்கும் ஏறி, முட்டி, பக்கவாட்டில் படர்ந்து, மெதுவாகக் கீழே இறங்கியது. சாப்பாட்டு மேசை, டீ டம்ளர்கள், டார்ச் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்து நின்ற பையன், எல்லார் மேலும் இறங்கியது. பத்து நிமிடம் கழித்தும் வெளிச்சத்தில் மினுமினுத்துக்கொண்டு அங்கேயே இருந்தது. பதினைந்து வருடமாக நான் அந்த மேசையில் சாப்பிடுகிறேன்.

நாங்கள் தற்செயலாகச் செய்தது ஒரு பழைய சோதனை என்று பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். தொழிற்சாலைகளில் காற்றைச் சோதிக்க வருகிறவர்கள் இதற்கென்றே விளக்கு வைத்திருக்கிறார்கள்: தூசிக்குப் பின்னால் பலமான ஒளிக்கற்றை, பார்ப்பவர் விளக்கை நேராகப் பார்க்காதபடி ஒரு மறைப்பு, அவ்வளவுதான். நுண்ணிய துகள்கள் ஒளியை முன்பக்கமாகச் சிதறடிப்பதால், சாதாரண வெளிச்சத்தில் தெரியாதது இப்படிப் பார்த்தால் தெரியும். ஆனால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்தச் சோதனையில் தூசி தெரிந்தால் நிச்சயம் தூசி இருக்கிறது; தெரியாவிட்டால் காற்று சுத்தம் என்று அர்த்தமில்லை. கல்நார் இழை எவ்வளவு பறக்கிறது என்று பார்க்க, காற்றை வடிகட்டித் தாளில் இழுத்து மைக்ரோஸ்கோப்பில் எண்ண வேண்டும். எண்ணுகிற இழையே 5 மைக்ரானுக்கு மேல் நீளமும் 3 மைக்ரானுக்குள் தடிமனும் உள்ளது. நம் தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான்.

சரி, அந்தத் தூசியில் என்ன இருந்தது? உண்மையான பதில், எங்களுக்குத் தெரியாது. பிரேக் ஷூ மேல் பதித்த உராயும் பட்டைதான் லைனர்; பழைய காலத்து லைனர்களில் எடையில் பாதி அளவுக்குக்கூட கிரைசோடைல் என்கிற வெள்ளைக் கல்நார் இருந்திருக்கிறது, சூடு தாங்கும், மலிவு, அறுந்து போகாது. இப்போது கடையில் 'நான்-ஆஸ்பெஸ்டாஸ்' என்று அச்சடித்த பெட்டியும் கிடைக்கிறது, ஒன்றுமே எழுதாத உதிரி லைனரும் கிடைக்கிறது. வண்டி எங்களிடம் வருவதற்குள் நாலு பட்டறை பார்த்திருக்கும். உள்ளே போட்டிருப்பது யார் வாங்கியது என்று டிரைவருக்கே தெரியாது. கையில் எடுத்துப் பார்த்தும் நிறத்தை வைத்தும் கல்நார் உண்டா இல்லையா என்று சொல்ல முடியாது. எங்கள் மேஸ்திரி முகர்ந்து பார்த்துச் சொல்லுவேன் என்றார், முகர வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொண்டேன்.

எழுதியிருப்பதையும் முழுசாக நம்ப முடியாது. ஆஸ்திரேலியா 2003 டிசம்பர் 31 முதல் கல்நாரை ஒட்டுமொத்தமாகத் தடை செய்த நாடு, இறக்குமதியும் கூடாது. அங்கேயே 2012இல் கிரேட் வால், செர்ரி என்ற இரண்டு சீனக் கம்பெனிகளின் சுமார் 23,000 வண்டிகளில் இன்ஜின், எக்ஸாஸ்ட் கேஸ்கெட்டில் கல்நார் இருப்பது தெரிந்து திரும்ப அழைத்தார்கள். அமெரிக்கா 2024இல்தான் கடையில் விற்கும் பிரேக் லைனர் உட்பட கிரைசோடைலுக்குத் தடை போட்டது. இந்தியாவில் அப்படி முழுத் தடை இல்லை. அதனால் நாங்கள் எடுத்த முடிவு ஒன்றே ஒன்று: ஆய்வு அறிக்கை கையில் இல்லாத எல்லா லைனரும் கல்நார் லைனர்தான்.

இதில் எதிர்த்தரப்பு வாதத்தையும் சொல்ல வேண்டும். தேய்ந்து விழும் பிரேக் தூசியில் கல்நாரின் பெரும்பகுதி உராய்வுச் சூட்டில் வேறு கனிமமாக மாறிவிடுகிறது, இழையாக மிஞ்சுவது பெரும்பாலும் ஒரு சதவீதத்துக்கும் கீழேதான். மெக்கானிக்குகளுக்கு இதனால் நோய் எவ்வளவு கூடுகிறது என்பதில் ஆராய்ச்சியாளர்களுக்குள்ளேயே சண்டை உண்டு. ஆனால் இந்த வாதத்தைச் சொல்பவர்கள் புது லைனரை மறந்துவிடுகிறார்கள். புது லைனர் சூடே பார்க்காதது. அதை கிரைண்டரில் ஓரம் சீவும்போது, ரிவிட்டுக்கு ஓட்டை போடும்போது, அரத்தால் ராவும்போது பறப்பது மாறாத பச்சை இழை. எங்கள் பட்டறையில் அந்த வேலை நடந்த மூலை எது தெரியுமா, ஃபேனுக்கு நேர் பின்னால். காற்று முதுகில் அடித்தால் வேர்க்காது என்று பையன்கள் அங்கே உட்கார்ந்து ராவினார்கள், தூசி ஃபேன் வழியாக நேரே மேசைக்கு வந்தது.

முதலில் செய்தது தப்பு. எல்லாரும் செய்வதைத்தான் நானும் செய்தேன், மாஸ்க் வாங்கிக் கொடுத்தேன். கொரோனா காலத்தில் மிஞ்சிய சர்ஜிகல் மாஸ்க் ஒரு டப்பா கிடந்தது, அதைக் கொடுத்தேன். அது எச்சில் தெறிக்காமல் இருக்க வைத்தது, ஓரமெல்லாம் திறப்பு, தூசிக்கு வாசல் மாதிரி. அப்புறம் என்95 வாங்கினேன். அதுவும் முகத்தில் ஒட்டினால்தான் வேலை செய்யும், மேஸ்திரிக்குத் தாடி, பையனுக்கு ஒல்லி முகம். அதோடு சித்திரை வெயிலில் தகரத்துக்குக் கீழே டிரம் தூக்குகிறவன் மாஸ்க்கோடு இருப்பான் என்று நினைத்தது என் புத்தி. மூன்றாம் நாள் எல்லார் மாஸ்க்கும் தாடைக்குக் கீழே இருந்தது. கல்நாருக்கு என்95 போதாது என்பதும், பி3 என்கிற உயர்தர வடிகட்டி போட்ட ரப்பர் முகமூடிதான் பொருந்தும் என்பதும் பிறகு தெரிந்தது. அதில் இரண்டு இப்போது இருக்கிறது, எப்போது போடுகிறோம் என்பதைக் கீழே சொல்கிறேன்.

இரண்டாவது தப்பு, வாட்டர் சர்வீஸ் பம்பு. நனைத்தால் பறக்காது என்று யாரோ சொன்னார்கள், சரிதானே என்று ஹப்பைக் கழற்றி அந்தப் பிரஷரில் அடித்தோம். தூசிக்குப் பதிலாகச் சேறு பறந்தது, சுவர், சட்டை, புருவம் எல்லாவற்றிலும் ஒட்டியது, காய்ந்ததும் மறுபடியும் தூசி. ஹெட்லைட் போட்டுப் பார்த்தால் கொட்டகை முழுக்க மூடுபனி. நனைக்க வேண்டும் என்பது சரி, அடித்து நனைக்கக் கூடாது.

அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு அமைப்பான ஓஷா, பிரேக்கும் கிளட்சும் பார்க்கும் பட்டறைக்கென்றே தனி இணைப்பு விதி வைத்திருக்கிறது. கம்ப்ரசர் காற்றால் ஊதக் கூடாது, காய்ந்த பிரஷ்ஷால் தட்டக் கூடாது. செய்ய வேண்டியது, ஒன்று ஹெப்பா என்கிற நுண்தூசி வடிகட்டி உள்ள வாக்குவத்தோடு சேர்ந்த மூடு பெட்டி, இல்லாவிட்டால் குறைந்த அழுத்தத்தில் ஈரமாகக் கழுவும் முறை. வாரத்துக்கு 5 ஜோடி பிரேக், 5 கிளட்ச் என்ற அளவைத் தாண்டாத சின்னப் பட்டறைக்கு வெறும் ஸ்பிரே போதும் என்று ஒரு சலுகையும் உண்டு. பத்துச் சக்கர லாரி ஒன்றுக்கு 6 டிரம், அதாவது 3 ஜோடி. இரண்டு வண்டி வந்தாலே எங்களுக்கு அந்தச் சலுகை முடிந்தது. வாக்குவம் விலையைக் கேட்டுவிட்டு அப்பா, "ஏனுங்க தம்பி, அதுல லாரியே ஓட்டலாமுங்களா?" என்றார். கோபம் வந்தால்தான் அவர் என்னை 'ஏனுங்க' என்பார். மிச்சம் இருந்தது ஈர முறை.

அதற்கான சாமான் எங்கள் தோட்டத்திலேயே இருந்தது. பூச்சி மருந்து அடிக்கும் கை ஸ்பிரேயர். மருந்து அடித்த பழையது வேண்டாம், புதிதாக ஒன்று வாங்கினோம், சில நூறு ரூபாய்தான். தண்ணீரோடு கொஞ்சம் துணி சோப்புத் தூள். சோப்பு ஏன் என்றால், வெறும் தண்ணீர் அந்தத் தூசி மேல் முத்து முத்தாக உருண்டு ஓடிவிடுகிறது, உள்ளே ஊறுவதில்லை; சோப்பு போட்டால் இழுத்துக்கொள்ளும். ஹப்புக்குக் கீழே கட்டட வேலைக்கு உபயோகிக்கும் பாண்டு ஒன்றை வைத்துக்கொள்வோம். டிரம்மை முழுசாக இழுக்கும் முன் ஒரு விரல் அளவுக்கு அசைத்து, அந்த இடைவெளியில் மெதுவாகத் தண்ணீர் விடுவோம், பின் பக்கத்திலும் விடுவோம். சற்று நேரம் பொறுத்து டிரம்மை எடுத்தால் உள்ளே கறுப்புக் கூழாக இருக்கும். இந்தப் பொறுமைதான் முழு வித்தை. டிரம்மை உருவிவிட்டு அப்புறம் நனைத்தால் பாதித் தூசி ஏற்கெனவே வெளியே வந்திருக்கும், சுத்தியலால் தட்டி உருவினால் முழுசும். பிறகு பனியன் வேஸ்ட்டை நனைத்துத் துடைத்து, அந்தத் துணியை மறுபடி அலசி உபயோகிக்காமல் நேரே பாலிதீன் பைக்குள் போட்டுக் கட்டிவிடுவோம்.

மேஸ்திரியின் முதல் கேள்வி: "லைனர் நனைஞ்சா பிரேக் புடிக்குங்களா?" நியாயமான கேள்வி. லாரி மழையில் ஓடத்தான் செய்கிறது. தண்ணீரால் லைனர் கெடாது, கிரீஸும் டீசலும்தான் கெடுக்கும். (டீசல் ஊற்றிக் கழுவும் பழக்கம் சில இடத்தில் இருக்கிறது, லைனரும் போச்சு, தீ பிடிக்கும் பயம் வேறு.) மாட்டும் முன் சோப்பு போக ஈரத் துணியால் ஒரு முறை, காய்ந்த துணியால் ஒரு முறை. இரவு நின்றால் டிரம் உள்பக்கம் லேசாகத் துரு பூக்கும், முதல் நாலு பிரேக்கில் போய்விடும். வண்டியை வாசலில் மெதுவாக ஓட்டிப் பிரேக்கைப் பார்த்துவிட்டுத்தான் விடுகிறோம், அது முன்பே உள்ள வழக்கம்தான். முன்பு ஒரு சக்கரத்துக்கு இரண்டு நிமிடம், இப்போது பத்து நிமிடம். "என்னங்க, வண்டிய குளிப்பாட்டிட்டிருக்கீங்க" என்று டிரைவர்கள் கேட்காத நாளில்லை.

பழக்கம் போகவில்லை. நான் வெளியே போனால் 'புஸ்' என்று சத்தம் கேட்கும். டயருக்குக் காற்று பிடிக்க வேண்டும் என்பதால் கம்ப்ரசர் லைனை எடுத்துவிட முடியாது. கடைசியில் பிரேக் பார்க்கும் இடத்தில் இருந்த குழாயின் கப்ளரையே மாற்றி, டயருக்குக் காற்றுப் பிடிக்கும் வாய் மட்டும் மாட்டும்படி வைத்தோம், ஏர் கன் அதில் ஏறாது. அன்றைக்குத்தான் ஏர் அடிப்பது உண்மையில் நின்றது. அதற்கு முன் நான் நடத்திய மூன்று வகுப்பும், சுவரில் ஒட்டிய தாளும் செய்யாததை ஒரு பித்தளைத் துண்டு செய்தது.

லைனர் ராவும் மூலைக்கு வருகிறேன். கிரைண்டரை அங்கிருந்து எடுத்துவிட்டோம். ஓட்டை போட்டு ஓரம் சீவி வரும் லைனரைத்தான் வாங்குகிறோம், செட்டுக்குக் கொஞ்சம் கூடுதல் விலை. இதில் ஒரு குறுகுறுப்பு உண்டு: அந்தத் தூசி இல்லாமல் போகவில்லை, வேறு எவனோ ஒரு பையனின் மூக்குக்குப் போயிருக்கிறது. அங்கே தூசி இழுக்கும் மெஷின் வைத்திருப்பார்கள் என்று நம்ப ஆசை. பழைய ரிவிட்டை உளி வைத்து அடித்து எடுக்கும் வேலை மட்டும் இன்னும் எங்களிடம். ஷூவை பாண்டில் முக்கி எடுத்து, வெளியே வேப்பமரத்தடியில், அந்த ரப்பர் முகமூடியோடு செய்கிறோம். அரை மணி நேர வேலை என்பதால் போட்டுக்கொள்கிறார்கள். நாள் முழுக்கப் போடு என்றால் நானே போடமாட்டேன்.

நாங்கள் யோசிக்காமல் விட்டது பெருக்கும் அக்காவை. சாயங்காலம் ஐந்து மணிக்கு வந்து, தென்னந்துடைப்பத்தால் பரபரவென்று கூட்டி முடித்துவிட்டுப் போவார். நாங்கள் எல்லாரும் கை கழுவி டீ குடிக்க வெளியே நிற்கும் நேரம் அது. ஒரு நாள் அப்போது ஹெட்லைட்டைப் போட்டுப் பார்த்தேன். ஏர் அடித்த அன்றைக்கு இருந்ததைவிடக் கனமாக இருந்தது, அதன் நடுவில் அவர் ஒருவர் மட்டும். நாங்கள் மாஸ்க் பற்றி ஒரு மாதம் சண்டை போட்டபோது அவர் பெயரை யாரும் எடுக்கவில்லை, என்னையும் சேர்த்துத்தான். இப்போது பக்கத்து பாடி கட்டும் பட்டறையிலிருந்து மரத்தூள் சும்மா கிடைக்கிறது. அதை நனைத்துப் பரப்பிவிட்டுக் கூட்டுகிறார், பிரேக் பார்க்கும் இடத்தைத் துடைப்பான் போட்டுத் துடைக்கிறார். சம்பளத்தில் அரை மணி நேரம் கூட்டிக் கொடுக்கிறோம், ஏனென்றால் வேலை நிஜமாகவே அரை மணி நேரம் கூடிவிட்டது.

பட்டறைச் சட்டையையும் அதே மாதிரிதான் மறந்திருந்தோம். வேலைச் சட்டையை வீட்டுக்குக் கொண்டுபோய் வாசலில் உதறித் துவைக்கப் போடுவதுதான் எல்லார் வழக்கமும், உதறுவது அம்மாவோ மனைவியோ. வேலைக்கே போகாமல், கல்நார்த் தொழிலாளியின் துணி துவைத்ததால் மட்டும் மீசோதீலியோமா என்கிற, பெரும்பாலும் நுரையீரல் உறையில் வரும் புற்றுநோய் வந்த பெண்கள் மருத்துவ ஆவணங்களில் இருக்கிறார்கள். இப்போது சட்டை இங்கேயே தொங்குகிறது, சனிக்கிழமை சோப்புத் தண்ணீரில் முக்கிய பிறகே துவைக்கிறோம்.

இந்த ஊருக்கே உரிய இன்னொரு தூசி இருக்கிறது. திருச்செங்கோடு பக்கத்தில் இருப்பதால் எங்களுக்கு போர்வெல் ரிக் வண்டியும் வரும். பாறையைத் துளைத்த மாவு சேசிஸ் முழுக்க அப்பிக்கொண்டு, வெள்ளையடித்த மாதிரி வந்து நிற்கும். அதில் குவார்ட்ஸ், அதாவது சிலிக்கா. சிலிக்கோசிஸ் என்கிற நுரையீரல் நோயைக் கொண்டுவருவது அதுதான். லைனரில் கல்நார் இருக்குமோ இருக்காதோ, இந்த மாவில் சிலிக்கா அநேகமாக எப்போதும் இருக்கும். வருடக்கணக்காக ரிக் வண்டி வந்தால் முதல் வேலை, ஏர் கன்னால் தலை முதல் கால் வரை ஊதுவது. 'கல்லுமாவுதானே' என்று அதை யாரும் தூசியாகவே நினைத்ததில்லை. இப்போது ரிக் வண்டி திறந்தவெளியில் தண்ணீர் அடித்த பிறகே கொட்டகைக்குள் வரும். இங்கே சர்வீஸ் பம்பை விடுகிறோம், காற்று வீசிப் போகும் பக்கம் ஆள் நிற்கக் கூடாது என்பது மட்டும் கண்டிப்பு.

மேஸ்திரிக்கு நெஞ்சு எக்ஸ்ரேயும் மூச்சுச் சோதனையும் எடுத்தோம். இப்போதைக்கு ஒன்றுமில்லை என்றார் டாக்டர். கல்நார் நோய் வெளியே தெரிய 20, 30, 40 வருடம்கூட ஆகும், அதையும் சொல்லிவிட்டு, "பீடியை விடுங்கள்" என்றார். அது வெறும் அறிவுரை இல்லை. அமெரிக்க இன்சுலேஷன் தொழிலாளர்களை வைத்து 1979இல் வந்த ஆய்வில், இரண்டும் இல்லாதவரோடு ஒப்பிட்டால் நுரையீரல் புற்றுநோய்ச் சாவு கல்நாரால் மட்டும் சுமார் 5 மடங்கு, புகையால் மட்டும் சுமார் 11 மடங்கு, இரண்டும் சேர்ந்தால் 50 மடங்குக்கு மேல். மேஸ்திரி பீடியைக் குறைத்திருக்கிறார். குறைத்திருப்பதாகச் சொல்கிறார்.

கல்நார்த் தொழிலாளர்களின் உடல்நலக் குறிப்பை, வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து 40 வருடமோ வேலை விட்டபின் 15 வருடமோ, எது பிந்தியதோ அதுவரை வைத்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1995இல் கல்நார்த் தொழிற்சாலைகளுக்குச் சொன்னது. எங்களைப் போன்ற ஆறு பேர் பட்டறையை அது எங்கே தேடி வரப்போகிறது; 2025 நவம்பர் வரை இருந்த 1948ஆம் வருடத்துத் தொழிற்சாலைச் சட்டமே மின்சாரம் உள்ள இடத்தில் 10 பேரிலிருந்துதான் ஆரம்பமாயிற்று. ஆனாலும் ஒரு 80 பக்க நோட்டு போட்டிருக்கிறேன், யார், எப்போது சேர்ந்தார், என்ன வேலை பார்த்தார் என்று. பெருக்கும் அக்கா பெயரும் அதில் உண்டு.

தீராதது கழிவு. முதல் இரண்டு வாரம் பாண்டுத் தண்ணீரை வேப்பமரத்தடியில் ஊற்றினோம், வெயிலில் காய்ந்து மண் மேல் கறுப்புப் பொருக்காக நின்றது, காற்று அடித்த நாளில் மறுபடி கொட்டகைக்குள் வந்தது. இப்போது தண்ணீரைத் தெளியவிட்டு, அடிக்கூழைப் பழந்துணியோடு சேர்த்து இரட்டைப் பையில் கட்டி, மூடி போட்ட ஆயில் பேரலில் போடுகிறோம். அபாயக் கழிவை முறைப்படி புதைக்கும் இடம் கும்மிடிப்பூண்டியில் இருக்கிறது. ஒரு பேரலுக்காக அங்கே வரை வண்டி அனுப்ப எங்களால் முடியாது, குப்பை வண்டியில் போட மனம் வரவில்லை. நாலைந்து பட்டறை சேர்ந்து அனுப்பலாமா என்று பேசிக்கொண்டிருக்கிறோம். இரண்டு பேர் சரி என்றிருக்கிறார்கள், ஒருவர் சிரித்தார். பேரல் முக்கால்வாசி நிரம்பிவிட்டது.